ரேஸ் பழக்கம் உள்ள மாப்பிள்ளை

என் கல்யாணம் நின்றுபோனதற்கு ஒரு சிவப்புக் கார்தான் காரணம் என்று பல வருஷம் நம்பியிருந்தேன். டீக்கடையில் சொல்லிச் சொல்லியே அந்தக் காருக்கு வாலும் முளைக்க வைத்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி வைத்திருந்த ஒரு வீட்டில் பெண் பார்த்துவிட்டு வந்தோம். நான் அடித்த ஜோக்குக்கு அவள் தலைகுனிந்து சிரித்தாள். அதற்குமேல் எனக்கு ஜாதகம் தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவும் தாய்மாமனும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. வீட்டில் டிவி இருந்தது. மதிப்பு இன்னும் கொஞ்சம் கூடட்டுமே என்று இராஜபாளையத்தில் கேசட் போட்டுப் படம் பார்க்கும் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, டவுன் பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கூடவே ஒரு பக்திப் படம், இரண்டு குடும்பப் படம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து உட்கார்ந்து கேசரித் தட்டைக் கையில் வாங்கியதும், மங்களகரமாகப் பக்திப் படத்தைப் போட்டேன். அட்டையில்தான் பெருமாள். கேசட்டில் ஏதோ வெளிநாட்டுக் கார் பந்தயத்தைப் பற்றிய டாக்குமெண்டரி. வெள்ளைக்காரன் ஒருவன் மூச்சுவிடாமல் பேச, சிவப்புக் கார் கரணம் அடித்து எரிந்தது. பதறிப்போய் எந்தப் பட்டனை அமுக்கினேனோ, கார் பின்னால் ஓடிப்போய் மறுபடியும் வந்து எரிந்தது.

"என்ன தம்பி படம் இது?" என்றார் பெண்ணின் அப்பா.

"ரேஸ், மாமா."

எங்கள் பக்கம் ரேஸ் என்றால் குதிரை. குதிரை என்றால் வீட்டை விற்றவன். அவர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"தம்பிக்கு ரேஸ் பழக்கம் உண்டோ?"

"ஐயோ, குதிரை இல்ல மாமா, காரு!"

"காருலயும் பணம் கட்டுதாகளா?" என்றார் தாய்மாமன்.

"நான் வெளிய எங்கயும் போக மாட்டேன். எல்லாம் வீட்லயேதான்."

அம்மா தலையில் கை வைத்தாள்.

"கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்று கிளம்பினார்கள். சொல்லி அனுப்பவில்லை.

வாடகை வீணாகக் கூடாதே என்று மற்ற படங்களை நானும் அம்மாவும் பார்த்தோம். இரண்டிலும் கடைசியில் கல்யாணம். "ஏலே, அணைச்சுத் தொலை" என்றாள் அம்மா.

தொண்ணூறுகளில் ஒருநாள் அந்தத் தாய்மாமனை இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அப்போதும் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

"அண்ணாச்சி, ரேஸ்காரனைத் தெரியுதா?"

"எந்த ரேஸு?"

கதையை நடித்தே காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"அட, அதுக்கில்ல தம்பி. நீங்க பாத்துட்டுப் போன அன்னைக்கே புள்ள வேண்டாம்னுட்டா. உங்கம்மா பலகாரம் பண்ணி வச்சிருப்பாகளேன்னுதான் வந்தோம்."

அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.