மச்சான் பூட்டிய வளையம்

மான் வேட்டைக்குப் போக முதல், என் மனைவியின் தம்பி தன் துப்பாக்கிக்குப் புது மரக்கட்டை போட்டான். தோள்வாரைக் கொளுவும் வளையத்தை கனடாவில், அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டுக் கராஜில் வைத்துப் பூட்டினான். கட்டையில் துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டதால் திருகாணி ஆடியது.

“உது நிக்காது,” என்றேன்.

“பசை விட்டிருக்கிறன், மச்சான். உன்ர வாய்தான் கழண்டு விழும்.”

காட்டில் அவன் எனக்கு முன்னால் பாறையில் ஏறினான். வளையம் பிடுங்கிக்கொண்டு வந்தது. துப்பாக்கி விழுந்து வெடித்தது. அந்த மடையன் உள்ளே இருந்த தோட்டாவை வெளியே எடுக்காமல் நடந்திருக்கிறான். குண்டு என் தொடையைக் கிழித்தது.

ஓடி வந்து குனிந்தவனின் முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்தது. அவன் தன் பெல்ட்டைக் கழற்றி என் தொடையில் இறுக்கினான். திரும்பவும் குத்தினேன். அவன் தடுக்கவில்லை.

“அடி மச்சான். காலை மட்டும் ஆட்டாதை, ரத்தம் ஓடுது.”

பிறகு என்னை ரோட்டு வரை முதுகில் சுமந்தான்.

கால் பிழைத்தது. பிழை அவனுடையதுதான், இன்றும் அதைச் சொல்வேன். முதல் குத்து வலியில் விழுந்தது. இரண்டாவதை, அவன் கைகள் என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டே குத்தினேன்.