உள்ளே ஓடிய புகை

கதிரியக்கக் கழிவைப் பிரித்து மூட்டை கட்டும் அறைக்கு அன்றைக்குத்தான் புது விசிறி பூட்டியிருந்தோம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, முகமூடி மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சோதனைக் குழாயிலிருந்து கொஞ்சம் புகை விட்டேன். அது ஒரு கணம் தயங்கியது. பிறகு யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல் சரேலென்று அறைக்குள் ஓடியது. இனி காற்று உள்ளே மட்டும்தான் போகும்; அங்கே கிளம்பும் தூசி வடிகட்டியில் சிக்கும், வாசல் வழியாக வராது. முகமூடிக்குள்ளேயே 'ஆகா!' என்று கத்திவிட்டேன்.

தச்சநல்லூரில் வீட்டுக்கு வந்த பிறகும் கால் தரையில் பாவவில்லை. அடுக்களையில் கணவர் மிளகாய் வற்றல் வறுத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் பிள்ளைகளுக்கு அடுக்குத் தும்மல். விடுவேனா? அடுக்களை ஜன்னலை அடைத்தேன், சுவரிலிருந்த புகைபோக்கி விசிறியைப் போட்டேன், கதவை ஒரு சாண் மட்டும் திறந்து வைத்து அந்த இடுக்கில் ஊதுபத்தியை நீட்டினேன். புகை அப்படியே வளைந்து உள்ளே போனது! கொஞ்ச நேரத்தில் தும்மலும் நின்றது.

"பாத்தியளா! ஒரு பொட்டு நெடி வெளிய வருதா?" என்று கூவினேன்.

உள்ளேயிருந்து இருமல் வந்தது. அதன் பின்னால் அவர் குரல்:

"வெளிய வரல, சரி. உள்ள நிக்கவனுக்கு முகமூடி எங்கட்டி?"