கயிற்றோடு போனவன்

மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கக் கூடாது. வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து, மாற்றிக் கட்டி ஓட்டிப்போக வேண்டும். பழைய கயிறு விற்றவன் கொட்டிலிலேயே கிடக்கும். அதையும் சேர்த்துக் கொடுத்தால் வீட்டு லட்சுமியும் மாட்டோடு போய்விடுவாள் என்பார்கள் எங்கள் தொழிலில். நிஜமா என்று என்னைக் கேட்டால் விளக்கம் சொல்லத் தெரியாது. ஆனால் இத்தனை வருஷ வியாபாரத்தில் ஒரு கயிற்றைக்கூட நான் விட்டுக் கொடுத்ததில்லை.

நீடாமங்கலம் பக்கம் உழவு மாடு விற்று ஆரம்பித்தவன் நான். டிராக்டர் வந்து உழவு மாட்டை ஓரங்கட்டியதும் கறவை மாட்டுக்கு மாறினேன். அதில் கை கொஞ்சம் ஓங்கியதும் கபடிப் பைத்தியம் முற்றி, தொழில்முறைப் போட்டியில் ஆடும் ஓர் அணியையே வாங்கிவிட்டேன். "மாடு பத்தாதுன்னு இப்ப மனுசனையும் புடிச்சுக் கட்ட ஆரம்பிச்சிட்டியா?" என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். பொறாமைக்காரர்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

வீரர்கள் ஏலம் ஏசி ஹாலில் நடந்தது. மற்ற முதலாளிகள் லேப்டாப்பைப் பார்த்தார்கள். நான் பையன்கள் நடந்து வருவதைப் பார்த்தேன். பூதலூர்க்காரன் ஒருவன் கால் ஊன்றிய விதம் பிடித்துப்போய் எடுத்தேன். அவனும் மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த சீசனே கேப்டன் ஆனான். தோற்ற அன்று மற்றவர்கள் என் முகத்தில் விழிக்கப் பயந்து ஒதுங்குவார்கள். அவன் மட்டும் வந்து, "சாப்டீங்களாண்ணே?" என்பான். எனக்குக் கோபம் இன்னும் ஏறும். ஆனால் சாப்பிட்டுவிடுவேன்.

பிறகு எனக்கு இதய ஆபரேஷன் ஆனது. அணியோடு ஊர் ஊராக அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அணியைக் கலைத்தால் பையன்களுக்கு ஆட்டமே இல்லை. அதனால் சென்னைக்காரர் ஒருவருக்குக் கைமாற்றச் சம்மதித்தேன். எல்லாரையும் எடுத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. கையெழுத்துக்குத் தஞ்சாவூர் வந்தவர், கேப்டனை மட்டும் கழித்துவிட்டார். முந்தைய சீசனில் அவனுக்கு முழங்காலில் பலமான அடி.

"அவருக்கு வயசாயிடுச்சு சார். முட்டியும் சரியில்ல. வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

கெஞ்சிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. சந்தையில் அடுத்தவர் மாட்டைப் பற்றி இதையேதான் நானும் சொல்லியிருக்கிறேன். பேனாவை மூடிவைத்தால் மற்றவர்களும் வீட்டில் உட்கார வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

புது முதலாளி என்றால் புது நிறம். பழக்கதோஷத்தில் எங்கள் பச்சை ஜெர்சிகளையெல்லாம் திருப்பித் தரச் சொல்லியிருந்தேன். "பழைய துணி உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார் சென்னைக்காரர். பையன்கள் ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டு அவர் கொண்டுவந்த வேனில் ஏறினார்கள்.

வேன் போன பிறகு கேப்டன் வந்தான். ஜெர்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தான்.

"இந்தாங்கண்ணே, கயிறு."

மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் புரியாமல் இருக்குமா? எல்லாருக்கும் புதுக் கயிறு வந்திருந்தது, அவனுக்கு மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. ஜெர்சியை வாங்கி அவன் தோளிலேயே திரும்பப் போட்டேன்.

"நீயே வச்சுக்க."

பதறிப்போனான். "வேணாம்ணே. கயித்தக் குடுத்தா லெச்சுமி போயிடும்."

"அவ போயி ரொம்ப நேரமாச்சுப்பா. எடுத்துக்கிட்டுப் போ."

அவன் ஜெர்சியோடு பூதலூர் பஸ்ஸைப் பார்த்து நடந்தான். வலது காலை லேசாக இழுத்தான். ஏலத்தில் நான் பார்த்து எடுத்த நடை அது இல்லை. காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.