அக்காவுக்கு நாங்கள் வைத்த சொல்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கண்ணாடிக் குவளை, அக்காவுக்கு மட்டும் சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பை. கரங்கானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ஆபீசில் துரைமாரோடு பழகிய ஆங்கிலம் அவர் நாக்கில் எப்போதும் தயாராக இருக்கும். அக்கா ஏழு வயதில் விருந்தாளிக்குக் கொண்டுபோன தேநீர்த் தட்டைக் கூடத்தில் கவிழ்த்தாள். அப்பா அடிக்கவில்லை, சிரித்தபடி "கிளம்சி" என்றார். விருந்தாளியும் சிரித்தார். மறுநாள் பாசார் கடையிலிருந்து அந்தக் கோப்பை வந்தது. அர்த்தம் தெரியாத அம்மாகூட அந்தச் சொல்லை உப்பு, புளி போலப் புழங்க ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு நான் சுங்கைப் பட்டாணியில் ஆங்கில ஆசிரியை ஆனேன். அந்தச் சொல்லை நடத்தும்போது விரிவாகவே விளக்குவேன். கையும் காலும் சொன்னபடி கேட்காத ஆளைச் சொல்லலாம், தூக்க வசதியில்லாத கனத்த சாமானைச் சொல்லலாம், நயமில்லாமல் போட்டுடைக்கும் பேச்சையும் சொல்லலாம். உதாரணத்துக்குக் கரும்பலகையில் எழுதிய வாக்கியம் மட்டும் மாறவே இல்லை. 'என் அக்கா கிளம்சி.' வருடா வருடம் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அந்த அக்காதான் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே முடி போன்ற கம்பிகளை ஒட்டும் வேலை. கைவேலை சுத்தம் என்று சூப்பர்வைசர் புதுப் பெண்களை அவளருகே உட்கார வைப்பாராம். இதை அவளே ஒருமுறை சொன்னாள், நாங்கள் யாரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்தால் அவள் கையிலிருந்து கரண்டி விழும், மூடி விழும். வீட்டில் ஆறு பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் யார் கையிலிருந்துதான் விழாது? அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

என் மகள் பிறந்தபோது, கல்யாணம் ஆகாத அக்காவையே ஞானத்தாயாக இருக்கக் கேட்டேன். அக்கா புதுச் சேலை வாங்கினாள். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தித் தொட்டியருகே நிற்பது ஞானத்தாயின் உரிமை. ஃபாதர் கூப்பிட்டதும் அக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் பிள்ளையை என் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.

"க்கா, நீங்க மெழுகுவத்திய புடிச்சுக்குங்க. புள்ளைய நாத்தனார் வச்சிருக்கட்டும்."

கோயிலில் எல்லோருக்கும் கேட்டது. அக்கா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். "அதுவும் சரிதான்லா, வழுக்கிடுச்சின்னா என்னா பண்றது" என்று அவளே சிரித்தாள். மெழுகுவர்த்தியைக் கடைசிவரை ஆடாமல் பிடித்திருந்தாள்.

அதன் பிறகு அவள் என் மகளைத் தொடவே இல்லை. சிடாம் கிரியில் தனியாக இருந்தவள், ஒவ்வொரு ஞானஸ்நான நாளிலும் பஸ் பிடித்துக் கேக் கொண்டுவருவாள். அதை மேசையில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாப்பா விளையாடுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பாள். 'தூக்குங்கக்கா' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்றே முப்பது வருடம் போய்விட்டது.

போன மாதம் அக்காவை அடக்கம் செய்தோம். ஜொகூரிலிருந்து வந்த மகள் கல்லறையிலிருந்து திரும்பும்போது காரில் கேட்டாள்.

"பெரியம்மாவுக்கு என்னைப் புடிக்காதாம்மா? ஒரு தடவகூட என்னைத் தொட்டதில்லையே."

"அவங்க அப்படித்தான், யாரோடயும் ஒட்ட மாட்டாங்க" என்றேன். செத்தவள் மேல் இன்னுமொரு பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. பேச ஆளில்லாத வீட்டில் அந்தப் பொய் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு வாரம் கழித்து மகளைப் போனில் அழைத்து, கோயிலில் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "என்னை வெறுக்கிறாங்கன்னே நெனச்சிருந்தேன்மா. அதனாலதான் அவங்க ஆஸ்பத்திரில இருந்தப்பகூட நான் வரல" என்றாள். போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் அழைக்கவில்லை, எனக்கும் அழைக்கத் துணிச்சல் வரவில்லை.

அவளிடம் சொல்லாதது இன்னும் ஒன்று இருக்கிறது. கடைசி மூன்று நாளும் அக்கா வார்டின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் காலடி கேட்டாலும், "பாப்பாவா?" என்றாள்.