செல்லமுத்து வாசித்த பத்திரம்

போன மாதம் பெரம்பலூரில் திருச்சி பஸ் ஏறினேன். பக்கத்து ஸீட்டில் ஒரு இளைஞர். மடியில் சர்டிபிகேட் பை, இஸ்திரி கலையாத சட்டை. கண்டக்டர் வந்ததும், "பா... பா..." என்று திணறினார். "பாடாலூரா?" என்று கேட்டபடியே கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துவிட்டார். இளைஞரும் தலையை ஆட்டிவிட்டார். பாடாலூரில் பஸ் நின்றதும் எழுந்து இறங்கியும் போனார். எனக்குச் சந்தேகம் தட்டி, ஜன்னல் வழியாக, "எங்க தம்பி போகணும்?" என்றேன். "பால்பண்ணைங்க" என்றார். இப்போது திக்கவே இல்லை. பால்பண்ணை திருச்சியில் அல்லவா இருக்கிறது! ஐயையோ என்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

எனக்குச் செல்லமுத்துவும் அவன் தின்ற பொங்கலும் ஞாபகத்துக்கு வந்தன. அவனை உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

உலக யுத்தம் முடியாத வருஷங்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஒரு பத்திர ஆபீஸ். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்லப்போகிற கதையில் என் மானமும் கொஞ்சம் போகிறது. நான் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறு மாதம் கழித்துச் செல்லமுத்து வந்தான். இருவருக்கும் ஒரே வயது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் கரியில் ஓடிய காலம் அது. வெள்ளைச் சட்டையில் கரிப்பொடி அப்பிக்கொண்டு வந்து நின்றான். "பேர் என்னய்யா?" என்றார் சப் ரிஜிஸ்ட்ரார். செல்லமுத்து வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர ஒன்றும் வரவில்லை. பையிலிருந்து உத்தரவுக் காகிதத்தை எடுத்து நீட்டினான். பேர் அதில் இருந்தது.

நான் சிரித்தேன். இதை எழுதாமல் தாண்டிவிடலாம்தான். ஆனால் சிரித்தேன்.

திக்குவாயை வைத்துக்கொண்டு அவன் காலம் தள்ளிய விதத்தைக் கிட்ட இருந்து பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. 'த'வில் தொடங்கும் சொல் அவனுக்கு எமன். அவனுக்கு ஊரோ தா.பழூர்! யாராவது கேட்டால் "உடையார்பாளையம் பக்கம்" என்று வழுக்கிக்கொண்டு போய்விடுவான். இரண்டு வருஷம் நாங்கள் அவனை உடையார்பாளையத்துக்காரன் என்றே நினைத்திருந்தோம். ஒரு வார்த்தை வராது என்று தெரிந்தால், அது வருவதற்கு நாலு வார்த்தை முன்னாலேயே வேறு பாதை பிடித்துவிடுவான். நாமெல்லாம் பேசுவதற்கு யோசிப்பதே இல்லை. அவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வரைபடம் போட்டான்.

தப்பவே முடியாத இடங்களும் உண்டு. காபி கிளப்பில் காலையில் அவன் "ப்... ப்..." என்று தொடங்குவான். பரிமாறுகிறவர், "பொங்கல் ஒண்ணு!" என்று உள்ளே குரல் கொடுத்துவிடுவார். செல்லமுத்து தலையாட்டுவான். நெய்யும் மிளகும் மணக்க இலையில் வந்து விழும் பொங்கலை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவான். அவனுக்குப் பொங்கல் என்றால் உயிர் என்று நான் நினைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்துத்தான் கேட்டேன். அவனுக்கு வேண்டியிருந்தது பூரி. பொங்கல் பிடிக்கவே பிடிக்காது.

"சொல்லித் தொலைக்கிறதுதானேய்யா?"

"அ... அவரு சொல்லிட்டாருல்ல. மறுத்தா, அதுக்கு வேற பேசணும்."

இனி என் பிரதாபத்துக்கு வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பத்திரம் பதிய வந்தால், கைநாட்டு வைக்குமுன் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த வேலை என்னுடையது. "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்று நான் பிடித்தால் நிலத்தின் நாலு எல்லையும் தாண்டி ஒரே மூச்சில்தான் நிற்பேன். ஜனங்கள் வாயைத் திறந்தபடி பார்ப்பார்கள். என் திறமையைக் கண்டு வியக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சப் ரிஜிஸ்ட்ராருக்கும் பரம திருப்தி. செல்லமுத்துவுக்கு நகல் எழுதும் வேலை மட்டும்.

ஓர் ஐப்பசி மழையில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சுத்தமாகக் குரல் இல்லை. சப் ரிஜிஸ்ட்ரார் வேறு வழியில்லாமல், "செல்லமுத்து, இன்னிக்கி நீதான்யா. முக்கியமானதை மட்டும் சொல்லிட்டு விட்டுடு" என்றார். செல்லமுத்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு நின்றான். ஆனால் முதல் வரியிலிருந்து தொடங்கினான். ஒரு வார்த்தைகூட விடவில்லை. முதல் பத்திரத்துக்கே அரை மணி ஆயிற்று. வெளியே காத்திருந்தவர்கள் கனைத்தார்கள், சிலர் அவனைப் போலவே பேசிக் காட்டினார்கள். அவன் காது சிவந்துபோயிற்று. அடுத்ததை எடுத்தான்.

மூன்றாவதாக ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள். நாற்பது வயது இருக்கும், புருஷன் இல்லை. கூட்டி வந்தவன் கொழுந்தன். அவளுக்குத் தகப்பன் வீட்டுச் சீதனமாக வந்த கிணற்றுக் கொல்லை நிலம்தான் விஷயம். பத்திரம் கொழுந்தன் எழுதிக்கொண்டு வந்தது. செல்லமுத்து வாசித்தான். அவள் பெயர் வந்தது, ஊர் வந்தது, அதற்குப் பிறகு ஒரு சொல்லில் நின்றுவிட்டான்.

"கி... கி..."

"குத்தகதானே சார்? அவங்களுக்குத் தெரியும். மேல போங்க" என்றான் கொழுந்தன், ஒத்தாசை செய்கிற முகத்தோடு.

அந்த அம்மாளும், "ஆமாங்க, குத்தகதான்" என்று கட்டை விரலை மைக்கு நீட்டினாள்.

செல்லமுத்து தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். எத்தனை வருஷமாக ஆட்டிய தலை! இந்த முறை அது ஆடவில்லை. மைப்பெட்டியை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். கண்ணை இறுக்கினான். தாடை கோணியது. நெற்றியில் வேர்வை. ஆபீஸ் முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

"கி... கி... கிரயம்."

"என்னங்க?" என்றாள் அவள்.

"கி... கிரயம்னு எழுதியிருக்கும்மா. குத்தக இல்ல. வி... வித்துட்டீங்கன்னு அர்த்தம்."

அவள் நீட்டிய விரலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "நான் எங்கங்க வித்தேன்? மூணு வருசம் உழுதுக்கன்னுல்ல சொன்னேன்? அடப்பாவி, நாம்பெத்த பொட்டப்புள்ளைங்க ரெண்டும் தெருவுல நிக்கவா?"

கொழுந்தன் பாய்ந்தான். "திக்குவாப் பயலே, ஒனக்கு என்னடா இதுல?" சப் ரிஜிஸ்ட்ரார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த அம்மாளைத் தனியே நிறுத்திக் கேட்டார். பத்திரத்தைப் பதிய முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். அவள் போகும்போது செல்லமுத்துவைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் பதிலுக்கு ஏதோ சொல்லப் பார்த்தான், வரவில்லை, அவனும் கும்பிட்டான்.

அன்று சாயங்காலம், கட்டின தொண்டையோடு கிசுகிசுத்தேன், "எப்பவும் போலத் தலையாட்டிட்டுப் போயிருக்கலாமே?"

"பொ... பொங்கல்னா நான் தின்னுடலாம். இது அவங்க நெ... நெலமாச்சே" என்றான்.

அந்தக் கிரயத்தை நான் வாசித்திருந்தால் அரை நிமிஷத்தில் முடித்திருப்பேன். அவளும் விரலை வைத்துவிட்டு என்னை வியந்துகொண்டே போயிருப்பாள். அதற்கு முன் நான் வாசித்த பத்திரங்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எனக்கே காதில் விழாதது அவர்களுக்கு எப்படி விழுந்திருக்கும்?

அதன்பின் வாசிக்கிற வேலை அவனுக்கே போயிற்று. பத்திரம் எழுதுகிறவர்கள் வேலை தாமதமாகிறது என்று முணுமுணுத்தார்கள். கிராமத்து ஜனங்களோ, "நிறுத்தி நிறுத்திப் படிக்கிற ஐயா இருக்காருங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவன் லீவு என்றால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பியவர்களும் உண்டு. நானும் மெதுவாக வாசிக்கப் பழகினேன். இருந்தும் என்னை யாரும் தேடி வரவில்லை. திக்கல் அவனைக் கடைசிவரை விடவில்லை. அரியலூர்ப் பக்கம் மாற்றலாகிப் போய், அங்கேயும் அப்படியேதான் வாசித்தானாம். அவன் காலமாகி வெகு நாளாகிறது.

எங்கள் ஆபீஸ் இருந்த ஓட்டுக் கட்டடமும் இப்போது இல்லை. போன வருஷம் மகளுக்காக வேறோர் ஊரில் பத்திரம் பதியப் போயிருந்தேன். பதினாலு பக்கம், பொடி எழுத்து, என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க தம்பி" என்றேன், பக்கத்தில் நின்ற பத்திரக்காரப் பையனிடம்.

"இதையெல்லாம் இப்ப யாருங்க படிக்கிறா? பின்னாடி எத்தினி பேரு நிக்கிறாங்க, பாருங்க. இந்த எடத்துல கையெழுத்துப் போடுங்க தாத்தா" என்று விரலால் காட்டினான்.

பின்னால் பார்த்தேன். எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். போட்டேன்.