கண்ணாடி துடைத்த செனட்டர்

ஈராக்கில் சண்டை தொடங்கப்போகிறது என்றவுடன், ஜெர்மனியில் வுப்பர்டால் நகரத்தில் இருந்துகொண்டு ஐந்து மூட்டை அரிசி வாங்கிய மடையன் நான்.

தொலைக்காட்சியில் ஒரு வயதான அமெரிக்க செனட்டரைக் காட்டினார்கள். இளமையில் போரில் காயப்பட்டவர், பிறகு முப்பது வருடமாகத் தேர்தலில் தோற்காதவர். கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டியால் மெதுவாகத் துடைத்தபடி, "எல்லாம் கெதியில் முடிந்துவிடும்" என்றார். நான் உடனே அரிசிக் கடைக்கு ஓடினேன்.

எங்கள் ஊர்ச் சேர்மனும் இப்படித்தான். பர்மாச் சண்டையில் மூன்று விரல்களை விட்டுவிட்டு வந்து, மிச்ச விரல்களைக் காட்டியே ஒவ்வொரு தேர்தலையும் வென்றவர். சுருட்டு மணக்க மேடையில் நின்று, சால்வையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஒண்டும் நடக்காது, பயப்பிடாதேங்கோ" என்பார். அப்படிச் சொன்னால் கட்டாயம் ஏதோ நடக்கும். அப்பா உடனே என் கையைப் பிடித்து இழுப்பார்.

"மனுசன் கண்ணாடி துடைக்கிறார். வா, கடை பூட்ட முதல் அரிசி வாங்குவம்."

அவர் கடைசியாகத் துடைத்த கிழமை எங்கள் சந்தை எரிந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற மனைவி சிரிக்கவில்லை.

"குண்டு விழப்போறது அங்கையப்பா. அந்தச் சனத்துக்கல்லோ அரிசி வேணும்."