வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு

என் மச்சினனைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? மனைவிக்குத் தெரியும், அவள் தம்பியாயிற்றே. அவனுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும், என்னை ரோட்டில் கண்டால் "வாங்க மச்சான், ஒரு தேத்தண்ணி குடிப்போம்" என்று தோளில் கை போடுகிறான். அதுதான் கூடுதல் எரிச்சல்.

நான் ஹட்டனில் காணி புரோக்கர். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைதான் என் ஆபீஸ். காலையில் போய் உட்கார்ந்தால் யார் வீட்டில் பாகப் பிரச்சினை, யாருடைய மகன் கொழும்பில் கடை போட்டுக் கவிழ்ந்தான் என்பதெல்லாம் தானாக வந்து சேரும். அதை வைத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட ஆளிடம் மெல்லப் பேச்சுக் கொடுப்பேன். வீடு விற்கிற ஆளை மோப்பம் பிடிப்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்று சொல்வார்கள். மச்சினன் கொழும்பிலிருந்து திரும்பி வரும்வரை அப்படித்தான் சொன்னார்கள்.

அங்கே ஏதோ விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவன். வந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் தொழிலிலேயே இறங்கினான். ஆனால் ஒரு நாளும் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததில்லை. பழைய மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றுவான். கூரைப் பீலியில் புல் முளைத்த வீடு, துருப்பிடித்த பூட்டுத் தொங்கும் கேட், செருகிய கறண்ட் பில்லை எடுக்க ஆளில்லாத வாசல், இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வான். பிறகு அந்த வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் போடுவான். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். கையால் எழுதி, கொமினிகேஷன் கடையில் பிரதி எடுத்து, உறையில் போட்டு, முத்திரை ஒட்டித் தபாலில் சேர்ப்பான்.

நான் சிரித்தேன். "மாப்ள, கல்யாணக் கார்டையே வாட்ஸ்அப்புல அனுப்புற காலம். ஒன் கடுதாசிய எவன்டா படிப்பான்?"

"அதனாலதான் மச்சான் படிப்பாங்க. நம்ம ஆளுங்க வீட்டுக்கு பில்லத் தவிர வேற கடுதாசி வந்து எவ்வளவு நாளாச்சு?"

படித்தார்கள். படித்தது மட்டுமா, போன் எடுத்து அவனிடம் பேசினார்கள். எனக்குக் காரணம் புரிய நாளானது. எங்கள் பக்கத்தில் வீடு வாங்குவதை மேளம் அடித்துச் சொல்வார்கள், விற்பதை வாய் திறக்க மாட்டார்கள். விற்றால் குடும்பம் சரிந்துவிட்டது என்று அர்த்தம். என்னோடு ஒருவர் நின்று ஒரு பிளேன்டீ குடித்தால் போதும், பொழுது சாய்வதற்குள் அவர் வீடு விலைக்கு வந்துவிட்டதாக ஊரே பேசும். ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவரின் வீட்டுக்காக நான் எத்தனையோ மழைக்காலம் அவர் பின்னால் அலைந்தேன். மனுஷன் என்னைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவார். மச்சினனின் கடிதத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாராம். அடுத்த மாதமே காணி உறுதி எழுதி வீடு கைமாறிவிட்டது.

என் மனைவி அந்தக் கடிதத்தின் பிரதியொன்றை வைத்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினாள். 'உங்கள் வீட்டை வாங்க விரும்புகிறேன். விற்க மனமிருந்தால் தெரிவியுங்கள். மனமில்லாவிட்டாலும் ஒரு வரி எழுதினால் மகிழ்வேன். வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.' கீழே அவன் பெயர், போன் நம்பர்.

"எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கான் பாருங்க" என்றாள்.

"ஆமா, பெரிய கலெக்டரு" என்றேன். அன்று சோறு இறங்கவில்லை.

அவன் சறுக்குகிற நாளும் வந்தது. றொசல்லப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். மெயின் ரோட்டை ஒட்டி, தோட்டத்து வேலையை விட்டவர்கள் சொந்தமாகக் காணி வாங்கிக் கட்டிய சில வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு நம்பர் கிடையாது. ஆட்களின் பெயரும் இவனுக்குத் தெரியாது. ஆகவே உறைகளின் மேல் 'வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு' என்று எழுதி, தோட்டத்தின் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டான். கொழும்புப் புத்தி. தோட்டத்துக்கு வருகிற தபால் வீட்டுக்கு வராது, தோட்ட ஆபீசுக்குப் போகும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இந்தக் கட்டில் பெயரே இல்லை. தபால் கொடுக்கிறவர் என்ன செய்வார்? தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார்.

லயம் கம்பெனிக்குச் சொந்தம். தகரம், சுவர், வாசல் மண் எல்லாம் கம்பெனியுடையது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறவர்கள் கையில் உறுதி என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவர்களிடம் போய் வீட்டை விற்கிறீர்களா என்று கேட்டிருக்கிறான் என் கெட்டிக்கார மச்சினன்.

தேத்தண்ணிக் கடை அந்த வாரம் முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவர்களையும் நான் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதை கொஞ்சம் நீளமானது. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த லயத்தில்தான் என் அக்கா இருந்தாள். கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். அத்தான் இறந்து போனார், மகள் ராகலையில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். வீட்டில் தோட்டத்து வேலைக்குப் போகிற ஆள் ஒருவர்கூட இல்லாததால், வேலை செய்கிற குடும்பம் ஒன்றுக்கு அவள் இருந்த காம்பிரா அறையைக் கொடுக்க வேண்டும், காலி பண்ணுங்கள் என்று ஆபீசில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அசையவில்லை. நானும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தேன்.

அவள் எனக்குப் போன் எடுத்தாள். "தம்பி, ஒன் மச்சினன் எனக்குக் கடுதாசி போட்டிருக்கான்டா. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன்."

எனக்கு ஒரே சந்தோஷம். இந்த மகராசன் என்ன காரியம் பண்ணினான் என்று அக்காவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், அவள் கையாலேயே அதைக் கழற்ற வைக்க வேண்டும் என்று அடுத்த நாள் முதல் பஸ்ஸிலேயே ஏறினேன்.

முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். நான் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன். "அக்கா, அவன் வெவரம் தெரியாம அனுப்பிட்டான். இது கம்பெனி லயம். ஒங்கிட்ட உறுதி இருக்கா? உறுதி இல்லாத வீட்ட எப்படி விப்ப?"

"ஏன்டா, இது கம்பெனி லயம்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப எதுக்கு இதுக்குக் கண்ணாடி?"

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் கொடுத்தாள். "ஆபீசு பெரிய கிளாக்கரு எப்ப காலி பண்றேன்னு கேக்குறாரு. சங்கத்துத் தலைவரும் எப்ப காலி பண்றேன்னு கேக்குறாரு. நீ மட்டும் என்ன, ஒவ்வொரு தடவையும் அதத்தானே கேட்ட. விப்பீங்களான்னு கேட்டது அவன் ஒருத்தன்தான்."

அந்த நேரத்தில்கூட எனக்கு வந்தது பொறாமைதான். நான் எத்தனை பேரிடம் எவ்வளவு நயமாகக் கேட்டிருப்பேன், வீட்ட குடுக்குறீங்களா, மனசிருக்கா என்று. சொந்த அக்காவிடம் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. தெரியாத்தனமாக அனுப்பியே இவன் அவள் மனசில் இடம் பிடித்துவிட்டான்.

"பதில் போடணும். மனசு இல்லாட்டியும் எழுதச் சொல்லியிருக்கான். எனக்குக் கை நடுங்குது. நீ எழுது" என்றாள்.

எழுதினேன். என் தொழிலைக் கெடுக்க வந்தவனுக்கு என் கையால் கடிதம் எழுதினேன். 'தம்பி அவர்களுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டை விற்க எனக்கு விருப்பமில்லை.'

"யோசிச்சுப் பாத்தேன்னும் போடு."

அதையும் போட்டேன். அக்கா கீழே கையெழுத்து வைத்தாள். "குடு, அவன் கையிலேயே குடுத்துடுறேன்" என்று நான் சொன்னதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. முத்திரை ஒட்டித் தபாலில்தான் போக வேண்டுமாம். அவளே என்னோடு தபால் கந்தோர் வரைக்கும் நடந்து வந்து பெட்டியில் போட்டாள். போட்டுவிட்டு, உறை உள்ளே விழுந்ததா என்று பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"விக்கிறதில்லன்னு சொல்லியாச்சு. இனி போகலாம்" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் காம்பிராவைக் கழுவி விட்டு, சாவியைக் கிளாக்கரிடம் கொடுத்துவிட்டு, சட்டி பானைகளோடும் அந்தக் கண்ணாடிப் படத்தோடும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மச்சினன் அவளைப் பார்க்க வந்தான். நான் எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, "மனசு மாறுனா எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும், சரியா அக்கா?" என்றான். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

படம் இப்போது என் முன் ஹாலில் தொங்குகிறது. இடத்தை அக்காவே பார்த்தாள், ஆணியை மனைவி அடித்தாள். கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் இறம்பொடையிலிருந்து ஒருவர் வந்தார். வீட்டை விற்க வேண்டும், கடையில் வைத்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்று என் வீட்டைத் தேடி வந்தவர். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்கென்று வந்த ஆள். நல்ல கதிரையில் உட்கார வைத்துவிட்டு, தேத்தண்ணி சொல்ல உள்ளே போனேன். திரும்பி வந்தால் மனுஷன் சுவருக்கு முன்னால் நின்று கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டிருக்கிறார்.

"நல்ல மரியாதையான ஆளா இருக்காரே. இந்த நம்பர ஒரு படம் எடுத்துக்கவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குசினியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தாராளமா எடுத்துக்கங்க. நம்ம வீட்டுப் புள்ளதான்."